பொருத்தம் பார்க்கும் காது

கணினி மானிட்டரைப் போடுவதற்கு முன் பாவ்சூ இடது காதுத் தோட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பிறகு வலது காதைச் சுண்டுவிரலால் அடைத்துக்கொண்டு, மானிட்டரின் முதுகுப் பக்கம் குனிந்து, பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரோரம் நின்று ஒட்டுக்கேட்பவள் மாதிரி நிற்பாள். அந்த நேரம் கடையில் யாரும் பேசக்கூடாது. பேசினால், அது மானிட்டர் வாங்க வந்த பேராசிரியராக இருந்தாலும், "வாய மூடுங்க" என்று ஒரு அதட்டல் விழும்.

அவளுடைய ஒரே மகள் பெய்ருங் இதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறாள். காலி அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாளில் பார்த்தாள். கல்லூரி விடுமுறைகளில் பார்த்தாள். பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், அதே கடையில் விசைப்பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகும் பார்த்தாள். தோடு, சுண்டுவிரல், குனிதல், எதுவும் மாறவில்லை. ஒன்றே ஒன்று மாறியிருந்தது. முன்பெல்லாம் பாவ்சூ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இந்த இரண்டு வருடமாகக் கண்ணைத் திறந்துகொண்டே கேட்கிறாள். வயதானால் பழக்கம் கொஞ்சம் இளகத்தானே செய்யும் என்று பெய்ருங் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடை குவாங்ஹுவா பாலத்துக்கு அடியில், படியிறங்கிப் போகிற தளத்தில். தலைக்கு மேல் பேருந்து போனால் அடுக்கில் இருக்கும் மானிட்டர்கள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கும். எதிர்க்கடை ஷாவ் என்பவனுடையது. அவன் விற்பது வீடியோ கார்டு, கணினிக்குள் செருகினால் மானிட்டருக்குப் படம் அனுப்புகிற அட்டை. பாவ்சூ விற்பது பழைய மானிட்டர். அந்தச் சந்தில் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த தூரத்தை ஷாவின் நாய் முள்ளங்கி படுத்தே அடைத்துவிடும். வெள்ளையாக, தடியாக, வால் மட்டும் மெலிந்திருந்ததால் அதற்கு அந்தப் பெயர்.

நூற்றாண்டு முடிகிற சமயம் அது. ஊரில் எல்லோருக்கும் புதுக் கார்டு வேண்டும். மாதத்துக்கு ஒன்று புதிதாக வரும். போன மாதத்துக் கார்டு காட்டிய படத்தைவிட இந்த மாதத்துக் கார்டு காட்டும் படத்தில் புள்ளிகள் கூடுதல், எழுத்து ஊசிமுனை மாதிரி. ஆனால் மானிட்டரை மாதாமாதம் மாற்ற யாரால் முடியும்? மானிட்டர் என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி. மேசையில் பாதி அதற்கு, மின்கட்டணத்தில் பாதி அதற்கு. ஆகவே வேலை முடிந்து வருகிறவர்கள் ஷாவிடம் கார்டு வாங்குவார்கள். மறுநாள் வீட்டு மானிட்டரை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, மழைக்கோட்டைப் போர்த்தி, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டுவருவது போல் பாவ்சூவிடம் கொண்டுவருவார்கள்.

"அக்கா, இதுக்கும் அதுக்கும் ஒத்துப்போகுமா பாருங்க."

கார்டு அனுப்புகிற வேகத்துக்குப் பழைய மானிட்டர் ஓடியாக வேண்டும். சிலது ஓடவே மாட்டேன் என்று கறுப்பாகி நிற்கும். அது நல்ல குணம், ஆபத்தில்லை. சிலது படத்தைக் கோணல்மாணலாகக் கிழித்துக் காட்டும். அதையும் புரிந்துகொள்ளலாம். மோசமானது மூன்றாவது வகை. முடியாது என்று சொல்லத் தெரியாமல், படத்தை அழகாகக் காட்டிக்கொண்டே, உள்ளுக்குள் மூச்சு வாங்கும். அப்போது அதன் வயிற்றிலிருந்து ஒரு சன்னமான கீச்சு வரும், கொசுவின் குரலைச் சாணை பிடித்தது போல. அதைக் கேட்காமல் விட்டால் கொஞ்ச நாளில் டப்பென்று ஒரு சத்தம், ஒரு கருகல் வாசனை. மானிட்டர் கதை முடிந்தது.

அந்தக் கீச்சைக் கேட்கும் காது பாவ்சூவுக்கு இருந்தது. ஷீலுவோ என்ற சிற்றூரிலிருந்து பதினாறு வயதில் பேருந்து ஏறி வந்தவளைத் தொலைக்காட்சிப் பெட்டித் தொழிற்சாலையில் சோதனை வரிசைக்கு எடுத்ததே அந்தக் காதுக்காகத்தான். மேற்பார்வையாளர்களுக்குக் கேட்காத சத்தம் அந்த வரிசைப் பெண்களுக்குக் கேட்டது. படக்குழாய் ஏற்றிவந்த லாரி ஓட்டுநர் கே என்பவரை அங்கேதான் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். தொழிற்சாலை மூடியபோது, சம்பளப் பாக்கிக்குப் பதிலாகச் சில பெட்டிகளைக் கொடுத்தார்கள். அவற்றைக் கணவரின் லாரியில் ஏற்றிப் பாலத்தடிக்கு வந்தவள், பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். கே இன்றும் தெற்கே காவ்ஷுங் துறைமுகம் வரை லாரி ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்கிவிட்டுப் போகிறார்.

அவளுக்குக் கல்யாணத் தரகி என்று பட்டம் கொடுத்தவன் ஷாவ். இந்த ஊரில் ஜோடி சேர்த்துவைத்தவருக்குப் பெண் மாப்பிள்ளை வீட்டார் ஒரு முழுப் பன்றிக்கால் கொடுத்து நன்றி சொல்வார்கள். கால் கைமாறிவிட்டால் தரகருக்கும் அந்த வீட்டுக்கும் கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அவரைக் கூப்பிட முடியாது. ஷாவ் இதை வாடிக்கையாளர்களிடம் வேடிக்கையாகச் சொல்லப்போய், ஒருவர் உண்மையிலேயே தன் மானிட்டர் ஒரு வருடம் தாங்கியதற்குப் பன்றிக்கால் வாங்கிவந்துவிட்டார். அதிலிருந்து அது சந்தில் வழக்கமாகிப் போனது. பாவ்சூ அதைச் சோயா ஊற்றி வெல்லம் போட்டு, கடைப் பின்புறத்து மின்அடுப்பில் நாள் முழுக்க வேகவைப்பாள். தளம் முழுவதும் மணக்கும்.

"அக்கா, நீங்க ஜோடி சேத்து ஒண்ணு வெடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று ஷாவ் கேட்பான், வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே.

"வெடிச்சா நான் கால் குடுக்கறேன்டா, உனக்கில்ல, மானிட்டர்காரனுக்கு. உனக்கு எலும்பு. உன் நாயோட பங்கு போட்டுக்க."

ஒருநாளும் வெடிக்கவில்லை. அதுதான் அவளுடைய பெருமை.

பெய்ருங் கல்லூரி முடித்து வந்த வருடம் ஒரு காலை. யாரோ கொண்டுவந்திருந்த மானிட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளருக்கு அது கேட்கவில்லை, அம்மாவின் காதைக் கொண்டு பிறந்த பெய்ருங்குக்குப் பல்லைக் கூச வைத்தது. முள்ளங்கி எழுந்து படியேறிப் போய்விட்டது. பாவ்சூ குனிந்து கேட்டாள். நிமிர்ந்தாள்.

"சத்தமே இல்ல. ராணி மாதிரி இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

பெய்ருங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா விளையாடுகிறாளா என்று பார்த்தாள். இல்லை. வாடிக்கையாளர் பையைத் திறப்பதற்குள் அவள் விசைப்பலகையில் கையை வைத்து, படத்தின் நுணுக்கத்தை ஒரு படி இறக்கினாள். கீச்சு நின்றது. "இப்படி வெச்சுக்கங்க, கண்ணுக்கு நல்லது" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

அன்றிலிருந்து விசைப்பலகை அவள் இடம். அம்மா மானிட்டருக்குப் பின்னால் நின்று காது கொடுப்பாள், மகள் முன்னால் உட்கார்ந்து கேட்பாள். சில நாள், பெய்ருங் கையை நகர்த்துவதற்குள்ளேயே பாவ்சூ, "இறக்குடி, மூச்சு வாங்குது" என்பாள், மிகச் சரியாக. அப்போதெல்லாம் பெய்ருங்குக்கு நிம்மதியாக இருக்கும். முழுசாகப் போய்விடவில்லை, சில நாள் அம்மாவுக்குக் கேட்கத்தான் செய்கிறது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கடையில் என்ன மிஞ்சும்? பழைய மானிட்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பாவ்சூவின் காது அந்தக் கடையில் மட்டும்தான்.

ஆனால் அவளுக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வரலாறு படித்தாள். படித்த வரலாற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்தான். அம்மாவுக்காகத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேனா, இல்லை வெளியே போகப் பயந்துகொண்டு அம்மாவின் காதைச் சாக்காக வைத்திருக்கிறேனா? பேருந்து மேலே போகும், மானிட்டர்கள் சிலிர்க்கும், கேள்வி அப்படியே நிற்கும்.

அந்த நிலையில்தான் ஷின்ச்சு நகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஸ்கேனர் செய்கிற நிறுவனம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத ஆள் வேண்டுமாம், நேரில் வரச் சொன்னார்கள்.

"தோழிக்குக் கல்யாணம். துணி எடுக்கத் துணைக்குக் கூப்பிடறா. நாளைக்கு வரமாட்டேன்" என்றாள் அம்மாவிடம்.

"எந்தத் தோழி?"

"உனக்குத் தெரியாது."

"சரி. நல்ல செருப்பாப் போட்டுட்டுப் போ. துணிக்கடைல ரொம்ப நேரம் நிக்கணும்" என்றாள் பாவ்சூ.

ஷின்ச்சுவில் காற்று ஆளைத் தள்ளியது. ஆனால் கேட்டவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். ஒரு ஸ்கேனரை மேசையில் வைத்து, இதை உங்கள் அம்மாவுக்கு விளக்குவது போல் எழுதுங்கள் என்றார்கள். பெய்ருங் எழுதிய முதல் வரி, 'தோட்டைக் கழற்றத் தேவையில்லை, இது சத்தம் போடாது.' சிரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும் பேருந்தில் அவள் மனசுக்குள் மறுப்பு எழுதினாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று ஆரம்பித்து, அது பொய் மாதிரி இருக்கிறதே என்று அழித்தாள். எங்கள் கடையில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, அது என்ன என்று சொல்ல முடியாது என்று எழுதினாள். அது உண்மைதான், ஆனால் கடத்தல்காரி எழுதியது போல் இருந்தது.

பாலத்தடிக்கு வந்தபோது மழை. படியின் முதல் திருப்பத்தில் முள்ளங்கி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளே காய்ந்த தரை இருக்க, மழையில் வந்து உட்காருகிற நாய் இல்லை அது. அடுத்த படியில் கால் வைத்ததும் அவளுக்கும் கேட்டது.

இதுவரை கேட்டதிலேயே மோசமான கீச்சு. அவள் ஓடினாள்.

கடையில் ஒரு பெரிய மானிட்டர், ஏதோ கட்டடப் படம் வரைகிற அலுவலகத்திலிருந்து கழித்துக் கட்டியது, மேசையை நிறைத்து உட்கார்ந்திருந்தது. திரையில் ஒரு டிராகன். அதன் ஒவ்வொரு செதிலிலும் நூலிழை நூலிழையாகக் கோடு. முன்னால் பரவசமாக நின்றவர் ஃபாங். கோயில் திரைச்சீலைகளுக்கும் நாடகக்காரர்களின் உடுப்புக்கும் பூவேலைப் படம் வரைகிறவர். ஷாவ் தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான கார்டை அவர் தலையில் கட்டியிருந்தான். பாவ்சூவின் ஒரு காதில் தோடு இல்லை.

"தூங்கற கொழந்த மாதிரி அமைதியா இருக்கு, அண்ணே," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "கோயில் வேலைன்னதும் அதுக்கே பக்தி வந்துடுச்சு போல."

"முதலாளியம்மா சொன்னா சரி," என்றார் ஃபாங். "இந்த மானிட்டர நம்பித்தான் கடல் தெய்வம் மாசு அம்மன் ஊர்வலத்துக்கு வேல ஒத்துக்கிட்டிருக்கேன்."

பெய்ருங் ஷாவைப் பார்த்தாள், ஃபாங்கைப் பார்த்தாள். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் ஊர்வலத்துக்கு முன் அது வெடிக்கும். அவள் யோசிக்கவில்லை. தரையில் கிடந்த மின்கம்பியில் காலைச் சிக்க வைத்து ஒரு தடுமாறு தடுமாறினாள். பிளக் பிடுங்கிக்கொண்டது. டிராகன் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

"கண்ணு பொடரில இருக்கா?" என்றாள் பாவ்சூ. "துணிக்கடைல பாத்த பட்டெல்லாம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதோ?"

பாவ்சூ பிளக்கைச் சொருகினாள். டிராகன் வந்தது, கீச்சும் வந்தது. பெய்ருங் குடையை மடக்குவது போல் திரும்பி, இன்னொரு தடவை தடுமாறினாள்.

ஷாவ் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, மொதல்ல இவளுக்கு ஒரு ஜோடி பாருங்க. பொண்ணு நிலையில இல்ல."

ஃபாங் நெளிந்தார். பாவ்சூ இரண்டாவது முறை பிளக்கை எடுத்தாள், சொருகினாள், ஆனால் இந்தத் தடவை மானிட்டர் பக்கம் குனியவில்லை. மகளின் முகத்தையே பார்த்தாள். டிராகன் செதில் செதிலாக வந்து நிறைந்தது. பெய்ருங்கின் இடது புருவம், அவளைக் கேட்காமலே, ஒரு பக்கமாகச் சுருங்கியது.

பாவ்சூ பைக்குள் கையை விட்டுத் தோட்டை எடுத்தாள். நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"ஃபாங் அண்ணே, இது ஒத்துப்போகாது. மூச்சு வாங்குது."

"இப்பத்தானே தூங்கற கொழந்தன்னீங்க?"

"எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்லண்ணே. ரெண்டு வருஷமாச்சு. கேக்கறது இவளுக்கு. நான் இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கு இவ இல்ல, சும்மா அடிச்சு விட்டேன்."

ஷாவின் வாய் திறந்தபடி நின்றது, உள்ளே பாக்கு சிவப்பாகத் தெரிந்தது.

"அப்ப ரெண்டு வருஷமா வந்த பன்னிக்காலெல்லாம்?"

"தின்னாச்சு. நீயும்தான் தின்னே."

பெய்ருங் விசைப்பலகைக்கு முன் உட்கார்ந்து ஒரு படி இறக்கினாள். கீச்சு தேய்ந்தது, போகவில்லை. இன்னொரு படி. நின்றது. செதில் கோடுகள் கொஞ்சம் தடித்தன, அவ்வளவுதான். ஃபாங் மூக்கு இடிக்கிற அளவு கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "ஊசிக்கு இது போதும். துணில இதவிடச் சன்னமா எவனும் தைக்கப் போறதில்ல" என்றார். அப்புறம், வெட்கத்தோடு, "நான் பத்து வருஷமாக் கண்ணாடி போடாமயே வரையறேன். டாக்டர்கிட்டப் போகலாம்னு இருக்கேன்" என்றும் சொன்னார்.

அப்போதுதான் முள்ளங்கி படியிறங்கி வந்தது. கடை நடுவில் நின்று உடம்பை உதறி எல்லோர் மேலும் தண்ணீர் தெளித்தது. பிறகு அந்தப் பெரிய மானிட்டருக்கு அடியிலேயே சுருண்டு படுத்தது.

நால்வரும் நாயைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ ஏத்துடி" என்றாள் பாவ்சூ.

பெய்ருங் ஏற்றினாள். முள்ளங்கி எழுந்து, இவர்களை அருவருப்பாக ஒரு பார்வை பார்த்து, மழைக்குள் போய்விட்டது. இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"ஐயோ, என் நாய்!" என்றான் ஷாவ். "அக்கா, வேணாம், அந்த நெனப்பே வேணாம்."

"உன் நாய் எங்க படுக்குதுன்னு பாக்கறதுக்கு உன்கிட்ட எதுக்குடா அனுமதி?"

ஃபாங்கை அனுப்பிவிட்டு, அம்மாவும் மகளும் படியில் உட்கார்ந்து மீன் உருண்டைச் சூப் குடித்தார்கள். மழை விட்டிருந்தது.

"நான் உன் மூஞ்சியப் பாக்கறேன்னு உனக்குத் தெரியவே தெரியாதா?" என்றாள் பாவ்சூ.

"உனக்குச் சில நாள் கேக்குதுன்னு நெனச்சேன்."

"படிச்ச புள்ள."

"நீ மட்டும்? எனக்குத் தெரியாதுன்னுதானே ரெண்டு வருஷம் காத நீட்டிக்கிட்டு நின்னே?"

பாவ்சூ சிரித்தாள். சூப்பை ஊதினாள். "இன்னிக்கு ஷாவ் மூஞ்சியப் பாத்துச் சொல்லலாம்னுதான் நெனச்சேன். பாக்கு மென்னு மென்னு அந்த மூஞ்சி எப்பவுமே கோணலாத்தான் இருக்கு. ஒண்ணும் வெளங்கல."

"முடியாதுன்னு சொல்லி நாளைக்கு வரச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம். அப்புறம் நீ வந்து, 'நான் இல்லன்னா அம்மாவால முடியாது'ன்னு இங்கயே உக்காந்திருப்பே." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அது துணிக்கடை இல்ல, வேலன்னு நேத்தே தெரியும். எப்பச் சேரணும்?"

பெய்ருங் பொய் சொல்லப் பார்த்தாள். வரவில்லை. "திங்கட்கிழம. நான் போகலன்னு சொல்லிடலாம்னு..."

"உன் மூஞ்சிய ரெண்டு வருஷமா நான் படிச்சிட்டிருக்கேன்டி. அது சொல்றது வேற."

திங்கட்கிழமை பெய்ருங் பேருந்து ஏறினாள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டுதான்.

கடை நின்றுவிடவில்லை. பாவ்சூ இப்போது ஒளிவுமறைவில்லாமல் நாயை வைத்தே பொருத்தம் பார்த்தாள். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். முள்ளங்கி படுத்தால் சரி, எழுந்து போனால் இறக்கு. சில மானிட்டர்கள் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் பாடி அதைக் காரணமில்லாமல் துரத்தின. அப்படிப்பட்டவற்றையும் பாவ்சூ ஒரு படி இறக்கியே கொடுத்தாள். யாருக்கும் நஷ்டமில்லை. ஷாவ் நாய்க்குச் சம்பளமாகப் பன்றிக்கால் கேட்டான். முன்னே பேசியபடி எலும்பு மட்டும் கிடைத்தது, அதுவும் நாய்க்கு. தோட்டைக் கழற்றும் பழக்கத்தை மட்டும் பாவ்சூ விடவில்லை. "கழட்டலன்னா வாடிக்கையாளருக்கு நம்பிக்க வராது" என்பாள்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் மகளிடம் ஒன்று சொல்லியிருந்தாள். "ரெண்டு வருஷம் ஜோடி சேத்தது நீ. வந்த பன்னிக்காலெல்லாம் உனக்குச் சேர வேண்டியது. ஒரு முழுக் கால் நான் உனக்குக் கடன்."

மாதம் ஒருமுறை பெய்ருங் ஷின்ச்சுவிலிருந்து வரும்போது இருவரும் சந்தைக்குப் போவார்கள். இறைச்சிக் கடை முன்னால் பாவ்சூ நிற்பாள். தொங்குகிற கால்களில் ஒன்றைத் தேர்ந்து விரலால் அழுத்திப் பார்ப்பாள். கொழுப்பு அதிகம் என்பாள். அடுத்த முறை கொழுப்பே இல்லை என்பாள். ஒருமுறை நல்ல கால்தான், கடைக்காரர் வெட்டுவதற்குக் கத்தியை ஓங்கிவிட்டார், "முன்னங்காலா? எங்களுக்குப் பின்னங்கால் வேணும்" என்று நிறுத்திவிட்டாள். பின்னங்காலை அவர் எடுத்துக் காட்டியபோது, மின்அடுப்பு பழுது என்றாள்.

"பரவால்லம்மா. சின்னதா ஒண்ணு வாங்கேன்," என்றாள் பெய்ருங். "கணக்கு முடிஞ்சிடும்."

"உனக்கென்ன அவசரம்?" என்றாள் பாவ்சூ, அவளைப் பார்க்காமல்.

பெய்ருங் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை முகம் படித்தவள் அவள். இருவரும் மீன் கடைக்குப் போய் ஒரு கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். கால் இன்னும் பாக்கி.